கார்னிவலுக்குப் போவதென்றால் எந்த ஊர்: போர்ட் ஆஃப் ஸ்பெயினா, லண்டனா, டொராண்டோவா?

கரீபியன் கார்னிவலை ஒருமுறையாவது நேரில் பார்த்துவிட வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் படங்களைப் பார்த்துத்தான் ஊரை முடிவு செய்கிறார்கள். அது வேலைக்கு ஆகாது. படத்தில் எல்லா ஊரும் ஒரே மாதிரிதான் இருக்கும். தலையில் இறகுக் கிரீடம், மணி கோத்த நீச்சலுடை, முதுகில் விரிந்த சிறகு, பின்னால் ஒலிபெருக்கி ஏற்றிய லாரி. போர்ட் ஆஃப் ஸ்பெயினைத் தலைநகராகக் கொண்ட டிரினிடாடில் எடுத்த படத்தைக் காட்டி டொராண்டோ என்று சொன்னால் யாரும் மறுக்க மாட்டார்கள். பெரிய குழுக்களின் உடைகளில் கணிசமானவை சீனாவில் தைத்து வருபவை. ஒற்றுமைக்கு அதுவும் ஒரு காரணம்.

ஊருக்கு ஊர் மாறுவது சத்தம்தான். டிரினிடாடில் எண்ணெய்ப் பீப்பாயைக் குழித்துச் செய்த ஸ்டீல்பான். லண்டனின் நாட்டிங் ஹில்லில் தெருமுனைகளில் ஆளுயரத்துக்கு மேல் அடுக்கிய ஸ்பீக்கர் பெட்டிகள். டொராண்டோவில் லாரியில் ஊர்ந்து வரும் சோகா என்ற ஆட்டப்பாட்டு. குவாதலூப் தீவில் ஆட்டுத்தோல் மேளம். அதனால் காதை நம்பி முடிவெடுங்கள் என்பதே என் யோசனை. செலவு, விசா, பிள்ளைகள், முழங்கால் வலி எல்லாம் அதற்குப் பிறகு.

கூடவே இன்னொரு கேள்விக்கும் பதில் வைத்துக்கொள்ளுங்கள். ஓரமாக நின்று பார்க்கப் போகிறீர்களா, இறங்கி ஆடப் போகிறீர்களா? உடை அணிந்து ஊர்வலத்தில் சேர்வதை 'மாஸ் ஆடுவது' என்பார்கள். அப்படி ஆடும் ஒவ்வொரு குழுவும் ஒரு 'பேண்ட்'. வாத்தியம் வாசிப்பவர்கள் மட்டும் பேண்ட் என்று நினைத்துக்கொண்டு இணையத்தில் தேடினால் குழப்பம்தான் மிஞ்சும். பேண்டுக்குப் பணம் கட்டினால் உடை, குடிக்க, சாப்பிட, பாதுகாப்புக்குக் கயிறு பிடித்து வரும் ஆட்கள், கூடவே வரும் கழிப்பறை லாரி வரை எல்லாம் அதற்குள் அடக்கம். எந்த வரிசை, எவ்வளவு இறகு என்பதைப் பொறுத்துச் சில நூறு அமெரிக்க டாலரில் தொடங்கும் விலை, டிரினிடாடின் பெரிய பேண்டுகளின் முன்வரிசை உடைக்கு ஆயிரத்தைத் தாண்டிப் போகும். பார்வையாளராக நிற்பதற்கோ பெரும்பாலான ஊர்களில் காலணா செலவில்லை.

போர்ட் ஆஃப் ஸ்பெயின்

கிறித்தவர்களின் தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனுக்கு முந்தைய திங்கள், செவ்வாய் இரண்டு நாளும்தான் கார்னிவல். ஈஸ்டரைப் பொறுத்துத் தேதி நகரும்: 2027-இல் பிப்ரவரி 8, 9, 2028-இல் பிப்ரவரி 28, 29. சட்டப்படி இவை அரசு விடுமுறை நாட்களே இல்லை. ஆனாலும் அந்த இரண்டு நாளில் தலைநகரில் அலுவலகம் திறந்து உட்கார்ந்திருப்பவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

இந்த விழாவின் சத்தம் எப்படிப் பிறந்தது என்று தெரிந்துகொண்டு போனால் காதில் விழுவது வேறாக இருக்கும். 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் குடியேறிய பிரெஞ்சுத் தோட்ட முதலாளிகள் தவக்காலத்துக்கு முன் முகமூடி விருந்துகள் நடத்தினார்கள். 1838-இல் அடிமைமுறை முற்றாக ஒழிந்ததும் விடுதலை பெற்ற ஆப்பிரிக்க வம்சாவளியினர் தீப்பந்தமும் கம்புச் சண்டையும் மேளமுமாகத் தெருவைத் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள். கேம்பூலே என்று அதற்குப் பெயர். 1881-இல் போலீஸ் தலைவர் கேப்டன் பேக்கர் அதை அடக்கப் போக, அது கலவரத்தில் முடிந்தது. சில ஆண்டுகளுக்குள் மேளத்துக்கே தடை வந்தது. மேளம் போனால் என்ன என்று மூங்கிலை வெவ்வேறு நீளத்தில் வெட்டித் தரையில் இடித்துத் தாளம் போட்டார்கள். 1930களில் மூங்கிலோடு பிஸ்கட் டின்னும் பெயின்ட் டப்பாவும் சேர்ந்தன. இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு எண்ணெய்ப் பீப்பாய் வந்துவிட்டது. எல்லி மானெட், வின்ஸ்டன் 'ஸ்ப்ரீ' சைமன், ஆந்தனி வில்லியம்ஸ் போன்ற இளைஞர்கள் பீப்பாயின் அடித்தகட்டைச் சம்மட்டியால் குழித்து, ஒவ்வொரு புடைப்புக்கும் ஒரு சுரம் என்று இழைத்தெடுத்தார்கள். இருபதாம் நூற்றாண்டில் புதிதாக உருவான வாத்தியங்களில் மின்சாரம் தேவைப்படாத ஒன்று இவ்வளவு தூரம் பரவியது அபூர்வம்.

ஸ்டீல்பான் குழுக்களின் பனோரமா போட்டி, நாடு விடுதலை பெற்றதற்கு மறு ஆண்டான 1963-இல் தொடங்கியது. கார்னிவலுக்கு முந்தைய சனிக்கிழமை இரவு, குவீன்ஸ் பார்க் சவானா மைதானத்தில் இறுதிச்சுற்று. பெரிய குழு என்றால் நூறு பேருக்கு மேல் மேடையில் இருப்பார்கள். அவர்களுக்குக் கிடைப்பது சுமார் எட்டு நிமிடம். அந்த எட்டு நிமிடத்துக்காக வாரக்கணக்கில் இரவு இரவாகப் பயிற்சி நடக்கும்.

எனக்கு இறுதிச்சுற்றைவிட முக்கியமாகப் படுவது அந்தப் பயிற்சிதான். ஒவ்வொரு குழுவுக்கும் ஊருக்குள் ஒரு திறந்த வெளி உண்டு. பான்யார்டு என்பார்கள். ஆல் ஸ்டார்ஸ் குழுவுக்கு டியூக் தெருவில், ரெனகேட்ஸுக்குச் சார்லட் தெருவில். கார்னிவலுக்கு முந்தைய வாரங்களில் மாலையில் போய் நின்றால் யாரும் எதற்கு வந்தாய் என்று கேட்க மாட்டார்கள். ஒரு ஓரத்தில் பீர் விற்பார்கள், இன்னொரு ஓரத்தில் சோளம் அவிப்பார்கள். வாசிப்பவர்களில் பள்ளிப் பிள்ளைகள் இருப்பார்கள், வேலை முடிந்து சட்டையைக்கூட மாற்றாமல் வந்தவர்கள் இருப்பார்கள். பெரும்பாலோர் சுரத்தாள் பார்ப்பதில்லை. பாட்டைக் குழுவுக்காக அமைத்துத் தரும் அரேஞ்சர் நான்கு தாளம் வாசித்துக் காட்டுவார், பிடித்துக்கொள்வார்கள், அடுத்த நான்கு. ஒரே துண்டை முப்பது தடவை திருப்பித் திருப்பி அடித்துச் சரியான இடத்தில் பொருத்தும்போது, சாதாரண மூன்று நிமிடச் சோகா பாட்டு கண்ணெதிரே ஒரு பெரிய கட்டுமானமாக எழும்பும். இது டொராண்டோவிலோ லண்டனிலோ இந்த அளவில் கிடைக்காது.

இறுதிச்சுற்றுக்குப் போனால் எங்கே உட்கார்வது என்பதும் ஒரு தேர்வுதான். கேட்க வந்தவர்கள் கிராண்ட் ஸ்டாண்டில் உட்கார்வார்கள். எதிரே நார்த் ஸ்டாண்டில் ஐஸ்பெட்டியும் பாட்டிலுமாகக் கொண்டாட்டம் நடக்கும், இசை இரண்டாம்பட்சம். டிக்கெட்டே வேண்டாம் என்பவர்களுக்கு மூன்றாவது வழி ஒன்று உண்டு. மேடைக்கு ஏறும் பாதையில் குழுக்கள் தள்ளுவண்டிகளோடு வரிசையில் காத்திருக்கும்போது கடைசி ஒத்திகையாக முழுப் பாட்டையும் வாசிப்பார்கள். வாத்தியத்துக்கும் உங்களுக்கும் நடுவே கையளவு தூரம்தான் இருக்கும். விவரம் தெரிந்த உள்ளூர்க்காரர்கள் நிற்கும் இடம் அதுதான்.

நம்மவர்கள் பலருக்கு வியப்பாக இருக்கும் ஒரு பெயரை இங்கே சொல்ல வேண்டும்: ஜித் சமரூ. லோபினோ பள்ளத்தாக்கில் இந்திய வம்சாவளிக் குடும்பத்தில் பிறந்தவர். ரெனகேட்ஸ் குழுவுக்கு அரேஞ்சராக இருந்து 1982-க்கும் 1997-க்கும் இடையில் ஒன்பது முறை பனோரமா வென்று கொடுத்தார். கார்னிவல் ஆப்பிரிக்க வம்சாவளியினரின் விழா, இந்திய வம்சாவளியினர் ஒதுங்கி நிற்பவர்கள் என்று யாராவது எளிதாகச் சொன்னால் இவரை நினைத்துக்கொள்ளலாம். 1845 முதல் ஒப்பந்தக் கூலிகளாக டிரினிடாடுக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் கல்கத்தா வழியாக வந்த போஜ்புரி பேசும் பகுதிக்காரர்கள். சென்னை வழியாக வந்தவர்கள் சிறுபான்மை. அவர்கள் கொண்டுவந்த முஹர்ரம் ஊர்வலத்தையும் காலனி அரசு இதே கண்ணோடுதான் பார்த்தது. கேம்பூலே கலவரத்துக்கு மூன்று ஆண்டுகள் கழித்து, 1884-இல், சான் ஃபெர்னாண்டோவில், ஹோசே என்று அங்கே அழைக்கப்படும் அந்த முஹர்ரம் ஊர்வலத்தின் மீது போலீஸ் சுட்டதில் பலர் மாண்டார்கள். கூட்டமாகத் தெருவில் இறங்கி மேளம் அடிப்பவர்கள் யாராக இருந்தாலும் அரசுக்கு ஆகவில்லை.

அந்த ஊர்வலத்தின் டாசா மேளம் இன்றும் ஒலிக்கிறது. பறையைப் போலவே தீயில் காய்ச்சி முறுக்கேற்றித்தான் அதை அடிப்பார்கள். சோகா என்ற இசைவகையே 1970களில், டிரினிடாடின் பழைய பாட்டுவகையான கலிப்சோவோடு இந்தியத் தாளங்களைக் கலந்து பிறந்தது. அதைச் செய்தவர் லார்ட் ஷார்ட்டி என்ற கார்ஃபீல்ட் பிளாக்மன், இந்திய வம்சாவளியினர் நிறைந்த தென்பகுதியில் வளர்ந்தவர். பிறகு சட்னி சோகா என்றே ஒரு கிளை உண்டாகி, அதற்குத் தனிப் போட்டியும் கார்னிவல் பருவத்தில் நடக்கிறது. காலையில் தெருவோரத்தில் டபுள்ஸ் வாங்கிச் சாப்பிடும்போது, இரண்டு மெத்தென்ற பரா ரொட்டிக்கு நடுவே கொண்டைக்கடலைக் குழம்பும் மாங்காய்த் துவையலும் என்றால், இந்த ஊர் எவ்வளவு தூரம் அந்நியம் என்று சந்தேகமே வந்துவிடும்.

திங்கள் விடியுமுன் நான்கு மணிவாக்கில் ஜூவே. கார்னிவல் திறப்பதே இதில்தான். சேறு, பெயின்ட், எண்ணெய், சில குழுக்களில் சாக்லேட் கூட உடம்பெல்லாம் பூசிக்கொண்டு இருட்டில் நடந்து, சூரியன் வரும்போது ஒருவரையும் அடையாளம் தெரியாத நிலையில் வீடு திரும்புவது. பழைய சட்டை, கட்டிய காலணி, பாலித்தீன் பையில் சுற்றிய கைபேசி போதும். சேர்வதற்கான கட்டணம் இறகு உடைக்கு ஆவதில் சிறு பங்கு. ஆடத்தான் வேண்டும், ஆனால் நீச்சலுடை நமக்கு ஒத்துவராது என்று தயங்கும் நம் வீட்டுப் பெண்களுக்கும், வயிறு இருக்கும் ஆண்களுக்கும், இதைவிடப் பொருத்தமானது இல்லை. யாரும் யாரையும் பார்ப்பதில்லை, பார்த்தாலும் தெரியாது.

செவ்வாய்க்கிழமைப் பெரிய ஊர்வலத்தைப் பற்றி என் கருத்து கொஞ்சம் கடுமையானது. பீட்டர் மின்ஷல் போன்ற கலைஞர்கள் 1970களிலும் 80களிலும் உடைகளை வைத்து ஒரு நாடகத்தையே தெருவில் நடத்தினார்கள். 1992 பார்சிலோனா ஒலிம்பிக் திறப்பு விழாவில் பங்கேற்கும் அளவுக்கு அந்தக் கலை உலகறிந்தது. இன்று பெரிய பேண்டுகளில் கதை குறைந்து, நிறம் மட்டும் மாறுகிறது. உள்ளே ஆடுபவருக்கு அது இன்பம்தான், ஓரத்தில் நிற்பவருக்கு இரண்டு மணி நேரத்தில் சலித்துவிடும். பழைய வேடங்களைத் தேடிப் பாருங்கள். பொய்க்காலில் நடக்கும் மோக்கோ ஜம்பி, குடை அகலத் தொப்பி போட்டு உலகத்தையே விழுங்குவேன் என்று வசனம் பேசிக் காசு கேட்கும் மிட்நைட் ராபர், திங்கள் மாலை பராமின் மலைக் கிராமத்தில் நெருப்பூதிக்கொண்டு வரும் நீலப் பேய்கள். கண்ணுக்கு வேலை வேண்டுமானால் அங்கே இருக்கிறது.

சிக்கல்களையும் சொல்லிவிடுகிறேன். அந்த வாரத்தில் அறை வாடகை பல மடங்கு ஏறும், குறைந்தது இத்தனை இரவு தங்க வேண்டும் என்றும் கட்டாயப்படுத்துவார்கள். பேண்டுகள் முந்தைய ஆண்டின் நடுவிலேயே உடைகளை அறிமுகப்படுத்திப் பதிவு தொடங்கிவிடும். நல்ல பிரிவுகள் சீக்கிரம் தீரும். குற்றங்கள் நாட்டில் பெரிய பிரச்சினை. 2025 கார்னிவல் அவசரநிலை அமலில் இருந்தபோதுதான் நடந்தது. ஊர்வலப் பாதையில் பயம் குறைவு. இரவில் தனியாகக் குறுக்குத் தெருவில் நடப்பதுதான் கூடாது. தெரிந்த ஓட்டுநரின் எண்ணை வைத்துக்கொள்ளுங்கள். கனடா, பிரிட்டன் கடவுச்சீட்டுக்கு விசா வேண்டாம். இந்தியக் கடவுச்சீட்டுக்கும் குறுகிய சுற்றுலாவுக்கு வேண்டியதில்லை என்பது பலருக்குத் தெரியாது. ஆனால் அமெரிக்கா வழியாக விமானம் மாறினால் அந்நாட்டு விசா கட்டாயம், அங்கேதான் பலர் மாட்டுகிறார்கள். விதிகள் மாறக்கூடியவை, பயணச்சீட்டு எடுக்குமுன் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள். டொராண்டோவிலிருந்து நேரடி விமானத்தில் ஐந்தரை மணி நேரம்.

லண்டன்

நாட்டிங் ஹில் கார்னிவல் ஆகஸ்ட் மாதக் கடைசித் திங்களும் அதற்கு முந்தைய ஞாயிறும். தவக்காலத்தோடு தொடர்பு கிடையாது. பிப்ரவரி லண்டன் குளிரில் இறகு கட்டி ஆட யாரால் முடியும்?

ஆனால் இதன் வித்து ஒரு ஜனவரிக் குளிரில்தான் விழுந்தது. 1958-இல் நாட்டிங் ஹில் பகுதியில் கறுப்பின மக்கள் மீது வெள்ளை இளைஞர்கள் நடத்திய தாக்குதல்கள் கலவரமாயின. டிரினிடாடில் பிறந்து, அமெரிக்காவில் கம்யூனிஸ்டாக இருந்ததற்காக நாடு கடத்தப்பட்டு லண்டனுக்கு வந்திருந்த பத்திரிகையாளர் கிளாடியா ஜோன்ஸ், அதற்குப் பதிலாக 1959 ஜனவரி 30 அன்று செயின்ட் பாங்க்ரஸ் டவுன்ஹாலுக்குள் ஒரு கரீபியன் கார்னிவலை நடத்தினார். தெருவுக்கு அது வந்தது 1966-இல். ரோன் லாஸ்லெட் என்ற சமூக சேவகர் நடத்திய தெருவிழாவில் ரஸல் ஹெண்டர்சனின் ஸ்டீல்பான் குழு வாசித்துக்கொண்டே நடக்கத் தொடங்க, கூட்டம் பின்னால் சேர்ந்துகொண்டது.

1970களில் ஜமைக்கா வழியில் வந்த சவுண்ட் சிஸ்டங்களும், அதாவது ஸ்பீக்கர் பெட்டிகளை அடுக்கிப் பாட்டுப் போடும் குழுக்களும் சேர, இந்த விழா டிரினிடாடின் நகலாக இல்லாமல் தனிப் பிறவியாகிவிட்டது. ஊர்வலம் வெளிவட்டத்தில் ஓடிக்கொண்டிருக்கும். உள்ளே சந்துகளில் முப்பதுக்கும் மேற்பட்ட சவுண்ட் சிஸ்டங்கள் அசையாமல் நிற்கும். ஒரு முனையில் டப் ரெக்கே, அடுத்த முனையில் டிரம் அண்ட் பேஸ், கொஞ்சம் தள்ளினால் சாம்பா. பாஸ் ஒலி நெஞ்செலும்பில் இடிக்கும். எனவே லண்டனுக்குப் போகிறவர்கள் ஊர்வலத்தின் பின்னால் ஓடுவது வீண். பிடித்த சத்தம் உள்ள தெருமுனை ஒன்றைக் கண்டுபிடித்து அங்கேயே நின்றுவிடுவதே சரி. ரெக்கே கேட்டு வளர்ந்தவர்களுக்கு, ஸ்பீக்கர் பெட்டியைக் கையால் கட்டும் கலையில் ஆர்வம் உள்ளவர்களுக்கு, இதற்கு நிகரான இடம் கரீபியனிலேயே குறைவு.

காசு செலவில்லை. உள்ளே போக டிக்கெட் கிடையாது. ஆனால் இரண்டு நாளில் சேர்த்துச் சுமார் 20 லட்சம் பேர் வருவார்கள் என்று சொல்லப்படும் கூட்டத்தை ஒடுங்கிய குடியிருப்புத் தெருக்கள் தாங்க வேண்டும். வெள்ளை மாளிகைகள் எல்லாம் பலகை அடித்து மூடியிருக்கும். லாட்புரோக் குரோவ் நிலையத்தை மூடிவிடுவார்கள். தள்ளி இறங்கி நடக்க வேண்டும். கழிப்பறைதான் பெரும்பாடு. வீட்டுக் கழிப்பறையை வாடகைக்கு விட்டு அங்குள்ளவர்கள் சம்பாதிப்பது ஊரறிந்த வணிகம். கூட்ட நெரிசலும் கத்திக்குத்தும் ஆண்டுதோறும் செய்தியாகும். 2024-இல் தாக்குதல்களில் இருவர் இறந்தார்கள். வந்தவர் எண்ணிக்கையோடு வைத்துப் பார்த்தால் ஆபத்து மிகச் சிறிது என்பது உண்மை. கூட்டத்தில் மூச்சு முட்டுபவர்கள், தள்ளுவண்டிக் குழந்தையோடு வருபவர்கள் திங்களன்று போகாமல் இருப்பது நல்லது என்பதும் உண்மை. ஞாயிறு குழந்தைகளுக்கான நாள். காலையிலேயே போய், பிற்பகலில் கிளம்பிவிட்டால் சிரமம் பாதி குறையும்.

இன்னொரு குறையும் உண்டு. மாலை ஏழு மணிக்குச் சவுண்ட் சிஸ்டங்கள் வாய் மூடிவிடும். டிரினிடாடில் அந்த நேரத்துக்குத்தான் பலருக்கு இரண்டாவது மூச்சு வரும்.

டொராண்டோ

1967-இல் கனடா நூறாண்டு கொண்டாடியபோது கரீபியன் சமூகம் நாட்டுக்குத் தந்த பரிசாகக் கரிபானா தொடங்கியது. பெயர் உரிமை பற்றிய வழக்கால் 2011-க்குப் பிறகு அதிகாரபூர்வமாக அது டொராண்டோ கரீபியன் கார்னிவல். ஊரில் யாரும் அப்படிச் சொல்வதில்லை, கரிபானாதான். ஆகஸ்ட் முதல் திங்கள் விடுமுறைக்கு முந்தைய சனிக்கிழமை பெரிய ஊர்வலம். எக்ஸிபிஷன் பிளேசில் தொடங்கி ஏரிக்கரையோரம் லேக் ஷோர் சாலையில் நகரும்.

இங்கே இரண்டு விதமாகப் பார்க்கலாம். எக்ஸிபிஷன் பிளேசுக்குள் டிக்கெட் எடுத்து, இருக்கையில் உட்கார்ந்து, நடுவர்கள் முன்னால் பேண்டுகள் முழு உடையில் ஆடுவதைப் பார்ப்பது ஒன்று. லேக் ஷோரில் வேலியோரம் இலவசமாக நிற்பது இன்னொன்று. காசு கொடுத்தாவது உள்ளே போவதையே சொல்வேன். வேலியோரத்தில் ஒரு லாரிக்கும் அடுத்த லாரிக்கும் நடுவே வெயிலில் வெறும் சாலையைப் பார்த்து நிற்கும் நேரம்தான் அதிகம். வேலி தாண்டிக் குதித்து ஊர்வலத்துக்குள் புகுபவர்களால் பேண்டுகள் தாமதமாவது நெடுநாள் சச்சரவு. வேலி எதற்கு, கார்னிவலில் பார்ப்பவர் ஆடுபவர் என்ற பிரிவே கிடையாதே என்று பழைய ஆட்கள் வாதாடுவார்கள். ஆயிரம் டாலர் கொடுத்து உடை கட்டியவர் அதை ஒப்புக்கொள்ள மாட்டார். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது, எனக்கு என்னவோ பழைய ஆட்கள் பக்கம்தான் சாய்வு.

சத்தம் என்று பார்த்தால் மூன்று ஊரில் இதுவே மெலிந்தது. ஸ்டீல்பான் குழுக்கள் இருக்கின்றன, அவற்றுக்கென்று போட்டியும் நடக்கிறது. ஆனால் சனிக்கிழமை காதில் விழுவது பெரும்பாலும் லாரியில் ஓடும் பதிவுசெய்த சோகாதான். அகலமான சாலையும் ஏரிக்காற்றும் அந்தச் சத்தத்தையும் சிதறடித்துவிடும்.

இத்தனை சொல்லியும், குடும்பமாகப் போகிறவர்களுக்கு முதல் கார்னிவலாக டொராண்டோவையே பரிந்துரைப்பேன். இடம் அகலம், கழிப்பறை உண்டு, நிழல் தேடினால் கிடைக்கும், கோ (GO) என்ற புறநகர் ரயில் எக்ஸிபிஷன் நிலையத்தில் வாசலிலேயே இறக்கிவிடும். பாட்டியையும் பேத்தியையும் சேர்த்து அழைத்துப் போகக்கூடிய பெரிய கார்னிவல் இது ஒன்றுதான். ஸ்கார்பரோவிலும் மார்க்கம் நகரிலும் வாழும் நம்மவர்களுக்கு இன்னும் வசதியாக, ஜூலையில் நடக்கும் ஜூனியர் கார்னிவல் அண்மை ஆண்டுகளில் ஸ்கார்பரோவின் மால்வர்ன் பக்கமே வந்துவிட்டது. பிள்ளைகள் உடை கட்டி ஆடுவதைப் பார்க்க நகர மையம்வரை போகக்கூட வேண்டாம். பெரிய ஊர்வலத்தைவிட எனக்கு அது பிடிக்கும், வேடங்களில் கைவேலை தெரியும்.

இந்தியாவிலிருந்து வருபவர்களுக்குக் கதை வேறு. கனடா விசாவும் பிரிட்டன் விசாவும் எடுத்து, ஆகஸ்ட் மாத விமானக் கட்டணம் கொடுத்து வருவதாக இருந்தால், அந்தப் பணத்தோடு இன்னும் கொஞ்சம் சேர்த்து டிரினிடாடுக்கே போய்விடலாம். கார்னிவலுக்காக மட்டும் கடல் கடப்பவர்கள் அதன் கிளைக்குப் போவதில் பொருளில்லை. உறவினரைப் பார்க்க வரும் பயணத்தை ஆகஸ்டில் வைத்துக்கொள்பவர்களுக்கு மட்டுமே லண்டனும் டொராண்டோவும் கணக்குக்கு வரும்.

மற்றவை

நியூயார்க்கில் செப்டம்பர் முதல் திங்கள், தொழிலாளர் தினத்தன்று, புரூக்ளினின் ஈஸ்டர்ன் பார்க்வேயில் ஊர்வலம். எல்லாத் தீவுகளின் கொடியும் ஒரே சாலையில் பறப்பதைப் பார்க்க வேண்டுமானால் இதுதான் இடம். ஹெய்ட்டியர்களின் இசை இங்கே கேட்பதுபோல் மற்ற மூன்று ஊரிலும் கேட்காது. பார்படோஸில் ஆகஸ்ட் முதல் திங்கள் கிராப் ஓவர். கரும்பு அறுவடை முடிந்த களிப்பில் பிறந்து, நடுவில் நின்றுபோய், 1974-இல் மீட்டெடுத்த விழா. கடற்கரை விடுமுறையோடு சேர்த்து ஒரு நாள் ஆட்டம் போதும் என்பவர்களுக்குப் பொருந்தும். டொராண்டோ ஊர்வலமும் அதே வார இறுதியில் வருவதால் இரண்டையும் சேர்த்துப் பிடிப்பது சிரமம்.

தமிழர்கள் கவனிக்காமல் விடும் ஊர் குவாதலூப். 1854 முதல் 1889 வரை சுமார் 42,000 இந்தியர்கள் இந்தப் பிரெஞ்சுத் தீவுக்குக் கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பலேற்றப்பட்டார்கள். பாண்டிச்சேரி, காரைக்கால் துறைமுகங்கள் வழியாகப் போன தமிழர்கள் அவர்களில் மிகுதி. ராமசாமியும் முத்துசாமியும் பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் குடும்பப் பெயராக இன்றும் இருக்கிறார்கள். மாரியம்மன் வழிபாடு இருக்கிறது, கப்பெஸ்டெர்-பெல்-ஓ ஊரில் சாங்ஜி கோயில் இருக்கிறது.

அங்கே கார்னிவல் இரண்டு நாளில் முடிவதில்லை. ஜனவரி தொடக்கத்திலிருந்து சாம்பல் புதன் வரை ஞாயிறுதோறும் மாலையில் பாயிண்ட்-அ-பீத்ர், பாஸ்-தேர் தெருக்களில் குழுக்கள் இறங்கும். அவற்றில் 'போ' குழுக்கள் (உள்ளூர் மொழியில் போ என்றால் தோல்) என்று அழைக்கப்படுபவற்றைத்தான் கேட்க வேண்டும். லாரி கிடையாது, ஒலிபெருக்கி கிடையாது. ஆட்டுத்தோல் மேளங்கள், சங்கு, தரையில் வெடிக்கும் சாட்டை, முன்னால் சாம்பிராணிப் புகை. ஆடிக்கொண்டு மெதுவாக நகராமல் வேகநடையில் வருவார்கள். கூடப் போகிறவர்கள் ஓட்டமும் நடையுமாகத்தான் போக வேண்டும். 1970களின் கடைசியில், பிரெஞ்சு ஆதிக்கத்துக்கு எதிரான மனநிலையில் உருவான அகியோ குழு இந்த வழியைத் திரும்ப நிலைநாட்டியது. அயலூர்ப் பயணிக்கு இறகு உடை விற்கும் ஏற்பாடு இந்தக் குழுக்களில் இல்லை.

டிரினிடாடும் குவாதலூப்பும் ஒரே திங்கள் செவ்வாயில் உச்சத்துக்கு வரும் என்பதால் இரண்டின் கடைசி நாட்களையும் ஒரே ஆண்டில் பார்க்க முடியாது. ஜனவரிக் கடைசியில் ஒரு ஞாயிறு குவாதலூப்பில் நின்றுவிட்டு, பிறகு பான்யார்டுகளுக்காக டிரினிடாடுக்குப் போகலாம். சாதாரண ஷெங்கன் விசா இந்தத் தீவுக்குத் தானாகச் செல்லாது. விண்ணப்பிக்கும்போதே பிரெஞ்சு கடல்கடந்த பகுதிக்கும் சேர்த்துக் கேட்டு வாங்க வேண்டும். ஒருவேளை சாம்பல் புதனுக்கு அங்கே இருக்க நேர்ந்தால், அன்று கார்னிவல் அரசன் வவாலின் பொம்மையை எரித்து ஊரே ஒப்பாரி வைக்கும். துக்கத்துக்கு வருபவர்கள் கறுப்பும் வெள்ளையும் அணிவது வழக்கம், அந்த நிறத்தில் ஒரு சட்டையை எடுத்துப் போங்கள்.